புளித்த எண்ணெயில் பயோடீசல்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

எண்ணெயை மெத்தனாலோடும் காரத்தோடும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்றது) சேர்த்தால் அது எஸ்டராகவும் கிளிசரினாகவும் பிரியும். அந்த எஸ்டர்தான் பயோடீசல். அதில் மிஞ்சும் சோப்பையும் காரத்தையும் நீக்கவே பிறகு கழுவுகிறோம். வீட்டில் பயோடீசல் செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கழுவும் கட்டத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். தண்ணீர் விட்டதும் பீப்பாய் முழுக்கத் தயிர் கடைந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டுவிடும். இரண்டு நாள் வைத்தாலும் பிரியாது. உடனே தண்ணீர் சரியில்லை, கலக்கிய வேகம் சரியில்லை என்பார்கள். கோளாறு பெரும்பாலும் எண்ணெயை ஊற்றிய அன்றே தொடங்கியிருக்கும். எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்காமல், எல்லா எண்ணெய்க்கும் ஒரே செய்முறை போதும் என்று எடுத்த முடிவுதான் கழுவும்போது நுரையாக வந்து நிற்கிறது.

அந்த முடிவைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அமிலம் ஏறிய, அதாவது புளித்த, எண்ணெய் கைக்கு வந்தால் செய்யக்கூடியவை நான்கு: காரத்தைக் கூட்டி ஒரே கட்டத்தில் முடிப்பது, நல்ல எண்ணெயோடு கலப்பது, அமிலம் பிறகு காரம் என்று இரண்டு கட்டமாகச் செய்வது, அந்த எண்ணெயைத் தொடாமல் விட்டுவிடுவது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். மலேசியாவில் உயிரி எரிபொருள் உற்பத்தி 2007-ஆம் ஆண்டின் மலேசிய உயிரி எரிபொருள் தொழில்துறைச் சட்டத்தின் (சட்டம் 666) கீழ் உரிமம் சார்ந்த தொழில். உங்கள் அளவுக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அடுத்தது இடம். அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யவே கூடாது. மெத்தனால் ஆவி நச்சு. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. காற்றோட்டமான திறந்த கொல்லை வேண்டும். சூடாக்க மின்சாரச் சூடேற்றி வேண்டும், கேஸ் அடுப்பு பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். பொறிபறக்கும் சாதாரண மோட்டாரை மெத்தனால் பக்கத்தில் ஓட்ட வேண்டாம்.

எண்ணெய் என்ன சொல்கிறது

நம் ஊரில் கிடைக்கும் பழைய எண்ணெய் ஏறக்குறைய எல்லாமே செம்பனை எண்ணெய்தான். ஆனால் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது வேறு வேறு பொருளாகிவிடுகிறது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு மிஞ்சிய எண்ணெயும், தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரப் பந்தல்களில் ஒரே நாளில் பயன்படுத்திய எண்ணெயும் ஓரளவு புதிது. நாசி கண்டார் கடையில் ஈரக் கோழியை நாள் முழுக்கப் பொரித்து, மறுநாளும் அதையே சூடாக்கிய எண்ணெய் அப்படி இல்லை. கொதிக்கும் எண்ணெயில் விழும் ஈரம் கொழுப்பு மூலக்கூறை உடைத்துக் கொழுப்பு அமிலத்தைத் தனியே பிரித்துவிடும். இரவுச் சந்தையில் மாவு தோய்த்த வாழைப்பழம் பொரிக்கும் எண்ணெயிலும் இதே கதைதான். அந்தத் தனி அமிலம்தான் பின்னால் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் படபடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் மொத்த எண்ணெயையும் 60 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் இறங்கியதை வடித்துவிடுங்கள். டின்னின் அடியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். மழைநாளில் கோழிக் கொழுப்பும் செம்பனையின் கெட்டிப் பகுதியும் அடியில் உறைந்து நிற்கும். ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து 50 பாகைக்குச் சூடாக்குங்கள். தெளிந்தால் கொழுப்பு, கலங்கலாகவே இருந்தால் தண்ணீர்.

அடுத்தது டைட்ரேஷன், அதாவது எண்ணெயில் உள்ள அமிலத்தைக் காரக் கரைசலால் அளப்பது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சரியாக 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குடுவையில் 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எடுத்து, நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, நிறம் லேசாக மாறும்வரை காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆல்கஹாலின் சொந்த அமிலம் இதில் போய்விடும். இப்போது 1 மி.லி. எண்ணெய் சேர்த்து, நிறம் மறுபடி மாறி 15 விநாடி நிலைக்கும்வரை எத்தனை மி.லி. காரக் கரைசல் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பீனால்ப்தலீனின் இளஞ்சிவப்பு கறுத்த எண்ணெயில் தெரியாமல் போகும். மஞ்சள்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு நன்றாக வேலை செய்யும். ஆரத்தித் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே மாற்றம்தான் இது.

இந்த எண் ஒன்று கூடினால் எண்ணெயில் ஏறக்குறைய அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் தனி அமிலம் கூடியிருக்கிறது. எண் 2 வரை நல்ல எண்ணெய். 3 முதல் 5 வரை கவனமாகச் செய்தால் தேறும். 5-க்கு மேல் போனால்தான் கீழே உள்ள கேள்வி எழுகிறது.

நான்கு வழிகள்

*காரத்தைக் கூட்டி ஒரே கட்டம்.* வழக்கமான கணக்கு இதுதான்: லிட்டருக்கு 7 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதோடு டைட்ரேஷன் எண் எவ்வளவோ அத்தனை கிராம். எண் 8 என்றால் 15 கிராம். மெத்தனால் லிட்டருக்கு 200 முதல் 220 மி.லி. வேதிக் கணக்குப்படி 130 மி.லி. அளவு போதும். ஆனால் எதிர்வினை இரு திசையிலும் ஓடக்கூடியது, அதை முன்னோக்கித் தள்ளவே மிகுதி மெத்தனால். 55 பாகையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கலக்க வேண்டும். மெத்தனால் ஏறக்குறைய 65 பாகையில் கொதிக்கும் என்பதால் 60-ஐத் தாண்ட வேண்டாம்.

இந்த வழியில் அதிகமாகச் சேர்க்கும் காரம் ஒன்றும் மாயமாக மறைவதில்லை. தனி அமிலத்தோடு சேரும் ஒவ்வொரு கிராமும் 5 முதல் 6 கிராம் சோப்பாகிறது. எண் 8 உள்ள எண்ணெயில் 100 லிட்டர் ஈடு போட்டால் நாலு கிலோவுக்கு மேல் சோப்பு உள்ளே நிற்கிறது. அந்த அளவு கொழுப்பு எரிபொருளாகாமல் போகிறது. சோப்பு தன்னோடு எஸ்டரையும் கிளிசரினுக்குள் இழுத்துக்கொண்டு போகும். போதாததற்கு அமிலமும் காரமும் சேரும்போது தண்ணீரும் பிறக்கிறது, அந்தத் தண்ணீர் இன்னும் சோப்பு உண்டாக வழிவிடுகிறது. எண் 4 அல்லது 5 வரை இந்த வழி மிக எளிது, வேறெதுவும் தேவையில்லை. 8-இல் இதைச் செய்பவர்கள்தான் தயிரைக் கடைகிறார்கள்.

*நல்ல எண்ணெயோடு கலத்தல்.* எண் 8 உள்ள எண்ணெய் 40 லிட்டரை, எண் 2 உள்ள 60 லிட்டரோடு கலந்தால் சராசரி 4.4. கலந்தபின் மறுபடி டைட்ரேஷன் செய்து உறுதிப்படுத்துங்கள். புதுக் கருவி வேண்டாம், புது வேதிப்பொருள் வேண்டாம். மொத்தச் சோப்பு குறைந்துவிடாது என்பது உண்மைதான். 40 லிட்டரிலிருந்து வரும் அமிலம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது 100 லிட்டரில் பரவி நிற்பதால் கிளிசரின் ஒழுங்காகப் பிரியும், கழுவும்போது திரளாது. மாதம் ஓர் ஈடு செய்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது எங்கள் கருத்து. இதற்கு ஒரு பழக்கம் வேண்டும்: ஒவ்வொரு டின்னிலும் டைட்ரேஷன் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுவது. தீபாவளிக்குப் பின் கிடைக்கும் நல்ல எண்ணெயை உடனே தீர்த்துவிடாமல், புளித்த எண்ணெய்க்குத் துணையாக எடுத்து வையுங்கள்.

*அமிலம், பிறகு காரம்.* நல்ல எண்ணெய் கிடைக்காமல், எண் 6 முதல் 12 வரை உள்ள எண்ணெய் வாரா வாரம் வந்துகொண்டே இருந்தால் இந்த வழி பொருந்தும். தனி அமிலத்தைச் சோப்பாக்கி வீணடிக்காமல் எஸ்டராகவே மாற்றுவது இதன் பலன். எண்ணெயை 35 பாகைக்குச் சூடாக்கி, லிட்டருக்கு 80 மி.லி. மெத்தனால் விட்டு ஐந்து நிமிடம் கலக்குங்கள். பிறகு லிட்டருக்கு 1 மி.லி. அடர் சல்பூரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் அதே சூட்டில் மெதுவாகக் கலக்கி, சூட்டை நிறுத்தி இன்னொரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் லிட்டருக்கு 120 மி.லி. மெத்தனாலில் காரத்தைக் கரைத்து வழக்கமான கட்டத்தைச் செய்யுங்கள்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஈரம். அமிலக் கட்டத்தில் தண்ணீர் இருந்தால் எதிர்வினை பாதியில் நின்றுவிடும். எண்ணெய் தோசைக்கல்லில் துளிகூட வெடிக்கக் கூடாது. பட்டறைகளில் கிடைக்கும் பேட்டரி அமிலம் இதற்கு உதவாது, அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இரண்டாவது, மறுநாள் டைட்ரேஷன் எண்ணைப் பார்த்து ஏமாறுவது. லிட்டருக்கு 1 மி.லி. அடர் சல்பூரிக் அமிலமே அந்த எண்ணில் ஏறக்குறைய 2 கூட்டிக் காட்டும். எண் 9 இருந்த எண்ணெய் 3.5 காட்டினால், தனி அமிலம் ஏறக்குறைய 1.5-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். இதை அறியாமல் அமிலக் கட்டம் தோற்றுவிட்டது என்று மறுபடி அமிலம் ஊற்றுகிறார்கள். காரக் கணக்குக்கு மட்டும் 3.5 முழுவதையும் சேர்க்க வேண்டும். சல்பூரிக் அமிலத்தையும் காரம்தானே நடுநிலையாக்க வேண்டும்? ஆகவே 7 கூட்டல் 3.5, லிட்டருக்கு 10.5 கிராம்.

அடர் சல்பூரிக் அமிலத்தைக் கொல்லையில் வைத்துக் கையாளுவது சாதாரண விஷயமில்லை. சாதாரண இரும்புப் பீப்பாயை அது அரிக்கும். குழந்தைகள் நடமாடும் வீடு என்றால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

*தொடாமல் விடுவது.* எண் 12-ஐத் தாண்டிய, கறுத்து நாறும் எண்ணெயைப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் நல்ல எண்ணெய் வாங்குவதே லாபம். பெரிய ஆலைகளில் இத்தகைய எண்ணெயைக் கையாளும் கருவிகள் உண்டு. பல கொல்லைகளில் அப்படிப்பட்ட எண்ணெய் மாதக்கணக்கில் நிற்கிறது, "இலவசமாகக் கிடைத்ததே" என்ற ஒரே காரணத்துக்காக. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 200 மி.லி. மெத்தனால் செலவாகிறது. எண்ணெய் இலவசமாக இருந்தாலும் மெத்தனால் இலவசமில்லை.

எந்த வழியானாலும் முதலில் ஒரு லிட்டர் மட்டும் செய்து பாருங்கள். அது பிரியாவிட்டால் 100 லிட்டரும் பிரியாது.

காஸ்டிக் சோடாவா, பொட்டாசியமா

இதில் நீண்ட ஒப்பீடு தேவையில்லை. காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) மலிவு, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், லிட்டருக்கு 5 கிராமில் தொடங்கலாம். ஆனால் செம்பனை எண்ணெயோடு அதன் கிளிசரின் நம் வெயிலிலும் கட்டியாக உறைந்து வடிகுழாயை அடைத்துவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் கிளிசரின் திரவமாகவே இருக்கும், மெத்தனாலில் சீக்கிரம் கரையும். பொட்டாசியத்தையே எடுங்கள்.

இரண்டுமே காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்து வலுவிழக்கும். பினாங்கின் ஈரக் காற்றில் மூடி திறந்த பை ஒரே மாலையில் பிசுபிசுத்துப் போகும். வலுவிழந்த காரத்தை வைத்தே டைட்ரேஷனும் செய்தால் அந்தப் பகுதி தானாகச் சரியாகிவிடும். அடிப்படையான 7 கிராம் மட்டும் குறைவாகவே விழும். எதிர்வினை முடியாமல் போவதற்கு இது ஓர் அடிக்கடி காரணம். சிறு சிறு காற்றுப்புகா டப்பாக்களில் பிரித்து வைத்து, ஓர் ஈட்டுக்கு ஒரு டப்பா திறங்கள்.

கழுவும் முன் ஒரு சோதனை

27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவாக இருந்தால் தேறியது. அடியில் எண்ணெய்த் துளி இறங்கினால் மாறாத எண்ணெய் மிச்சம் இருக்கிறது. இந்தச் சோதனை 20 பாகைச் சூட்டை ஒட்டி வகுக்கப்பட்டது. கோலாலம்பூரின் மதிய வேளையில் 32 பாகையில் செய்தால் மெத்தனால் அதிக எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, தோற்ற ஈட்டையும் தேறியதாகக் காட்டிவிடும். ஐஸ் தண்ணீர் வாளியில் குப்பியை நிறுத்தி 20 முதல் 22 பாகைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். 15 பாகையை நெருங்கினால் செம்பனையின் கெட்டி எஸ்டர்களே உறையத் தொடங்கி, நல்ல எரிபொருளும் கலங்கும்.

துளி இறங்கினால் கழுவாதீர்கள். பாதி மாறிய கொழுப்புகள் சோப்பைப் போலவே தண்ணீரையும் எண்ணெயையும் பிணைத்துவிடும். கிளிசரினை வடித்துவிட்டு, லிட்டருக்கு 50 மி.லி. மெத்தனாலில் 1 கிராம் காரம் கரைத்துச் சேர்த்து, மீண்டும் 55 பாகையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இது திரும்பத் திரும்ப நேர்ந்தால் முதலிலேயே இரண்டாகப் பிரித்துச் செய்யலாம்: மெத்தனால் காரக் கரைசலில் ஐந்தில் நான்கு பங்கை முதலில், கிளிசரினை வடித்தபின் மிச்சப் பங்கை. கிளிசரின் வெளியேறிவிட்டால் எதிர்வினை பின்னோக்கித் திரும்பாது.

நீர்க் கழுவலா, உலர் கழுவலா

நீர்க் கழுவலுக்குப் பெரிய செலவில்லை. ஈட்டின் அளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான நீர், மூன்று நான்கு முறை. முதல் முறை பூவாளியில் தூவுவதுபோல் மேலிருந்து மெல்லத் தூவுவது மட்டும், கலக்கக் கூடாது. பின்னால் நீர் தெளிவாக வர வர வேகம் கூட்டலாம். சோப்பு அதிகம் என்று சந்தேகம் இருந்தால், சோதனையில் தேறியபின், கிளிசரினை வடிக்கும் முன்பே ஈட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துச் சில நிமிடம் கலக்கித் தெளியவிடுங்கள். சோப்பில் பெரும்பகுதி கிளிசரினோடே இறங்கிவிடும்.

ஏற்கெனவே திரண்டுவிட்டதா? முதலில் 55 பாகைக்குச் சூடாக்கி அசையாமல் விடுங்கள், பாதித் தயிர் அதிலேயே உடையும். அப்படியும் நின்றால், ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி உப்புக் கரைத்துத் தூவுங்கள். வினிகர் போன்ற அமிலம் கடைசி வழி. அது உடனே உடைக்கும், ஆனால் சோப்பு மறுபடி தனி அமிலமாகி எரிபொருளிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய, அமெரிக்கத் தரங்கள் இரண்டும் அமில எண்ணை, அதாவது ஒரு கிராம் எரிபொருளின் அமிலத்தை நடுநிலையாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடை, 0.50 மில்லிகிராம் என்ற உச்சத்தில் நிறுத்துகின்றன. அமிலம் ஊற்றி உடைத்த ஈடு அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும்.

கழுவிய நீரில் சோப்பு, காரம், மெத்தனால் எல்லாம் இருக்கும். 100 லிட்டர் ஈட்டுக்கு ஏறக்குறைய அதே அளவு கழுநீர் வரும். அதைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாக்கடையில் விடக் கூடாது. அந்தச் சாக்கடை ஆற்றுக்கோ கடலுக்கோதான் போகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே சிலர் உலர் கழுவலுக்கு மாறுகிறார்கள், அது நியாயமான காரணம்.

உலர் கழுவலில் அயனிப் பரிமாற்ற ரெசின் மணிகள், மெக்னீசியம் சிலிக்கேட் தூள், அல்லது உலர்ந்த மரச்சீவல் நிரம்பிய குழாய் வழியாக எரிபொருள் போகும். தண்ணீரே படாததால் உலர்த்தும் வேலை குறைவு. ஆனால் ரெசின் விலை கூடியது. சோப்பு மிகுந்த ஈடு அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். மரச்சீவல் மலிவு. ஆனால் மெத்தனாலை முன்பே நீக்கியிருக்க வேண்டும். மெத்தனால் இருக்கும்வரை சோப்பு கரைந்தே இருக்கும், சீவலில் படியாது. மெக்னீசியம் சிலிக்கேட்டைப் பின்னால் நுண்வடிகட்டியில் வடித்தே ஆக வேண்டும். துகள் மிஞ்சினால் என்ஜினுக்கு எரிபொருள் செலுத்தும் பம்பு தேயும். மாறாத எண்ணெயை இந்த மூன்றில் எதுவும் நீக்காது. குப்பிச் சோதனையில் தோற்ற ஈட்டை உலர் குழாயில் விடுவது ரெசினை வீணாக்குவதுதான்.

எண் 4-க்குக் கீழான எண்ணெயை வாரா வாரம் செய்பவர்களுக்கு உலர் கழுவல். மாதம் ஓர் ஈடு, எண்ணெய் நாளுக்கொரு விதம் என்றால் நீர்க் கழுவல். புளித்த எண்ணெயை ரெசினுக்கு அனுப்பாதீர்கள்.

உலர்த்தல்

நீரில் கழுவியதை வெறும் காற்றுக் குமிழி விட்டு உலர்த்துவது குளிர்நாடுகளில் சொல்லும் முறை. நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அது நாள் முழுக்க ஓடியும் பாதிதான் உலரும். 50 முதல் 60 பாகைக்குச் சூடாக்கி, பம்பு வழியாக மேலே தூக்கி மெல்லிய தாரையாக விழவிட்டு, பீப்பாயின் வாயில் மின்விசிறி வையுங்கள். மெத்தனால் வாடை இருந்தால் முதலில் விசிறியும் சூடும் திறந்த வெளியில்தான்.

பகலில் 32 பாகையில் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதை உலர்ந்தது என்று நம்பிவிட வேண்டாம். சூட்டில் எரிபொருள் அதிக நீரைக் கரைத்து வைத்திருக்கும், இரவு குளிர்ந்ததும் அது துளியாக அடியில் இறங்கும். ஒரு குப்பியில் எடுத்துக் குளிர்சாதன அறையில் 22 பாகையில் ஓர் இரவு வைத்து, காலையில் அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் டின்னில் ஊற்றலாம். கேமரன் மலைக்கு வண்டி ஏறப் போகிறது என்றால் செம்பனைப் பயோடீசலைத் தனியாக ஊற்ற வேண்டாம். இரவுக் குளிரில் வடிகட்டியில் மெழுகு அடைத்துக்கொள்ளும். நிலையத்து டீசலோடு பத்துக்கு ஒரு பங்கு மட்டும் கலந்து போங்கள். அந்த டீசலிலும் ஏற்கெனவே செம்பனை எஸ்டர் கலந்திருக்கிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.